வெள்ளிக்கிழமை மடல்

அருணகிரி சாருக்கு அறுபது தாண்டியாச்சு. அவரோட குருவுக்கு நாப்பதுகூட ஆகல.

குருன்னா தாடி, காவியெல்லாம் கிடையாது. சுகந்தி டீச்சர். திருப்பூர் ஓரத்துல, பனியன் கம்பெனிங்களுக்கு நடுவுல இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹெச்.எம். அரசாங்கம் பணம் குடுக்கும், ஒரு டிரஸ்ட் நடத்தும், அந்த மாதிரி பள்ளிக்கூடம். டீச்சர் கம்பெனி வாசப் பக்கமா போறப்ப "என்னக்கா, சாப்டாச்சா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா போதும், தாய்மாருங்க வீட்டுக் கதை முழுக்கக் கொட்டிருவாங்க. அதே ஆளுங்க, அருணகிரி சார் வணக்கம் வெச்சா துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிட்டு நகர்ந்துருவாங்க.

"அந்த வித்தையை எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர். இன்னைலருந்து நீங்க குரு, நான் சிஷ்யன்." இப்படிச் சொல்லிக்கிட்டுத்தான் அவரு பள்ளிக்கூடத்துக்கு ஒத்தாசையா வந்து சேர்ந்தாரு. பாதி வெளையாட்டு, பாதி நெசம்.

அவரு பத்திரிகை ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. இல்லாத சேதி ஒண்ணையும் எழுதினதில்ல, ஒருத்தர் பேரைக்கூடத் தப்பா விட்டதில்ல. அதுல ஒரு கர்வம். அதனால பள்ளிக்கூட மடலை அவர் கையில குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நாலு பக்கம். மொதப் பக்கம் டிரஸ்ட் தலைவர் வாழ்த்து, உள்ள அறிவிப்பு, மூணாம் பக்கம் பரிசு வாங்கின பிள்ளைங்க, கடைசியில வந்துபோன பெரிய மனுஷங்க போட்டோ. பிள்ளைங்க பையில வெச்சு வீட்டுக்குக் கொண்டுபோகும். பெத்தவங்களோட தொடர்பு வெச்சிருக்கீங்களான்னு மேல இருந்து கேட்டா, இதை எடுத்துக் காட்டிரலாம்.

சனிக்கிழமை காலையில பிரேயர் முடிஞ்சதும் பரிசு குடுப்பாங்க. பெற்றோர் அவசியம் வரணும்னு மூணாம் பக்கத்துல கட்டம் கட்டிப் போடுவாரு. ஒரு ஈ காக்கா வந்ததில்ல.

ஒருநாள் பொறுக்க முடியாம கேட்டுட்டாரு.

"டீச்சர், இந்த மடலை வீட்ல யாராச்சும் படிக்கறாங்களா?"

டீச்சர் கையெழுத்துப் போட்டுக்கிட்டே கேட்டாங்க. "நீங்க யாருக்காச்சும் அதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டியிருக்கீங்களா சார்?"

"நானா? எதுக்கு? அதான் அச்சடிச்சுக் குடுக்கறோமே."

"ஒரே ஒரு தாய்க்குப் படிச்சுக் காட்டுங்க. அப்புறம் வந்து இதே கேள்வியைக் கேளுங்க."

குருன்னாலே இப்படி ஏடாகூடமாத்தான் பேசுவாங்க போலன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் ரூமுக்கு ஓட்டமா ஓடி வந்தாரு.

"டீச்சர்! வந்துட்டாங்க!"

"யாரு, இன்ஸ்பெக்‌ஷனா?"

"இன்ஸ்பெக்‌ஷனை விடுங்க. ஒரு அம்மா! மடலைக் கேள்விப்பட்டு வந்திருக்காங்க!"

உண்மைதான். கல்யாணத்துக்குக் கட்டுற சேலை, தலையில மல்லிப்பூ, மடியில பெரிய சாக்லேட் பாக்கெட். மொத வரிசையில தனியா உக்காந்திருந்தாங்க. பேரு வேலாத்தா. கம்பெனியில துணிக்குப் பிசிறு வெட்டுற வேலை. அஞ்சாம் கிளாஸ் தனுஷ்யாவோட அம்மா.

பரிசு குடுத்து முடிச்சாங்க. பிள்ளைங்க கைதட்டிட்டு கிளாசுக்குப் போயிருச்சுங்க. வேலாத்தா மட்டும் எந்திரிக்கல.

"ஏனுங்க சார், தனுஷ்யா பேரை இன்னும் கூப்பிடலீங்களே?"

"தனுஷ்யாவா? இந்த வாரம் அந்தப் பேரு இல்லீங்களேம்மா."

"மடல்ல போட்டிருக்கீங்களே! நான் படிக்காதவ சார். வெள்ளிக்கிழமை ஆனா, நான் சோறாக்கறப்ப எம் புள்ள பக்கத்துல குத்த வெச்சு மொதப் பக்கத்துலருந்து படிப்பா. நீங்க யாரோ எழுதறீங்க, நல்லா எழுதறீங்க. அவ பேரு வராத வாரமே இல்லீங்க. இந்த வாரம் பேச்சுப் போட்டியில மொதப் பரிசுன்னு இருந்துச்சு. கம்பெனி லைன்ல அத்தனை பேத்துக்கும் சொல்லிட்டேன். சனிக்கிழமை பரிசு குடுக்கறப்ப பெத்தவங்களும் போலாம்னு அங்க ஒருத்தி சொன்னா. சூப்பர்வைசர் கத்தினான், போடான்னுட்டு வந்துட்டேன்."

ஒவ்வொரு பேரையும் அருணகிரி சாரே அடிச்சு, அவரே சரிபார்த்தது. தப்பு நடக்க வழியே இல்ல.

"இருங்கம்மா. நானே படிச்சுக் காட்டறேன்."

அதுக்குள்ள தனுஷ்யா கிளாஸ்ல இருந்து ஓடி வந்துட்டா. அம்மா கையைப் பிடிச்சு இழுத்தா.

"வாம்மா, போலாம்."

"இரு கண்ணு. சார் படிக்கறாருல்ல."

சார் மூணாம் பக்கத்தை விரிச்சாரு. கணீர்னு, நிறுத்தி நிதானமா படிச்சாரு. பேச்சுப் போட்டி, மொதப் பரிசு, வேற பிள்ளை. ரெண்டாம் பரிசு, வேற பிள்ளை. ஆறுதல் பரிசு வரைக்கும் படிச்சாரு.

"அப்ப போன வாரத்துதா இருக்கும் சார். பாட்டுல வாங்கினான்னு…"

"அதுவும் ஃபைல்ல இருக்குங்கம்மா!" போய் எடுத்துக்கிட்டு வந்தாரு. சந்தேகம்னா மூலத்தைப் பார்த்துத் தீர்க்கணும், அதானே அவரு தொழிலு.

அப்ப சுகந்தி டீச்சர் வாசல்ல வந்து நின்னாங்க. சேலையைப் பார்த்தாங்க, சாக்லேட்டைப் பார்த்தாங்க, பிள்ளை மூஞ்சியைப் பார்த்தாங்க.

"சார், டீ வந்திருச்சு. வாங்க, ஆறிப்போயிரும்."

"ஒரு நிமிஷம் டீச்சர், அம்மாவுக்கு ஒரு டவுட்டு."

"சார்."

"இதோ முடிச்சுட்டேன் டீச்சர்."

பாட்டுப் போட்டியைப் படிச்சாரு. அதுலயும் இல்ல. அதுக்கு முந்தின வாரம், நல்ல கையெழுத்து. பாதியில நிமிர்ந்து பார்த்தப்பத்தான் அவருக்கு ஏதோ உறைச்சுது. தனுஷ்யா அழல. அவரு அடுத்து என்ன படிப்பாருன்னு தெரிஞ்ச மாதிரி தரையையே பார்த்துக்கிட்டு நின்னா.

அவரு நிறுத்திட்டாரு.

"படிங்க சார்"னாங்க வேலாத்தா.

"இல்லீங்கம்மா, அது வந்து…"

"படிங்க. எழுதினதை முழுசாப் படிங்க."

மீதியையும் படிச்சாரு.

முடிச்சப்புறம் வேலாத்தா எந்திரிச்சு சேலை மடிப்பைத் தட்டிவிட்டாங்க. சாக்லேட் பாக்கெட்டை அவர்கிட்ட நீட்டினாங்க.

"பரிசு வாங்கின புள்ளைங்களுக்குக் குடுத்துருங்க சார். காசு போட்டு வாங்கியாச்சு."

பிள்ளையை அடிக்கல, ஒரு வார்த்தை திட்டவும் இல்ல. திரும்பிக்கூடப் பார்க்காம கேட்டைத் தாண்டிப் போயிட்டாங்க. அம்மா திட்டியிருந்தா தேவலைங்கற மாதிரி நின்னுக்கிட்டு இருந்தா தனுஷ்யா.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல மடல் குடுத்தாங்க. தனுஷ்யாவும் வாங்கினா. கேட்டுக்கு வெளிய மாங்கா விக்கிற அக்காகிட்ட அப்படியே நீட்டினா, பொட்டலம் மடிக்க. அருணகிரி சார் பார்த்துட்டாரு.

"என்ன கண்ணு, அம்மாவுக்குப் படிச்சுக் காட்ட வேண்டாமா?"

"அம்மா வேண்டான்னுட்டாங்க சார்."

"மடலையா?"

"எதையுமே. நீ படிச்சுச் சொல்லாத, நான் கேக்க மாட்டேன்னுட்டாங்க. ஆஸ்பத்திரி சீட்டைக்கூட பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட காட்டறாங்க."

சொல்லிட்டு மாங்காயைத் தின்னுக்கிட்டே போயிட்டா.

அருணகிரி சார் ஆபீஸ் ரூமுக்குப் போனாரு. உக்காரச் சொல்லியும் உக்காரல.

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன் டீச்சர். ஒரு தாய்க்குப் படிச்சுக் காட்டினேன்."

"ஆமா சார்."

"அதுல இருந்ததைத்தானே படிச்சேன்."

"ஆமா. இருந்ததைத்தான் படிச்சீங்க."

"கண்ணைக் காட்டி என்னை நிறுத்தியிருக்கலாமே டீச்சர்?"

"டீ ஆறுதுன்னு சொன்னேனே."

அப்புறம் அவரா ஆரம்பிச்சாரு. அவசர அவசரமா.

"வர்ற வாரம் தனுஷ்யா பேரைப் போட்டுடறேன் டீச்சர். சும்மா இல்ல, நெசமான சேதிதான். அவங்க கிளாஸ் டீச்சர்கிட்ட விசாரிச்சேன். கிளாஸ்ல எல்லாரோட நோட்டுக்கும் அவதான் அட்டை போட்டுக் குடுக்கறாளாம், ஒரு சுருக்கம் இல்லாம. மூணாம் பக்கமெல்லாம் வேண்டாம். தலைவர் வாழ்த்தைத் தூக்கிட்டு மொதப் பக்கத்துலயே போடறேன். கொட்டை எழுத்துல, போட்டோவோட."

"போடுங்க சார். நல்ல சேதி."

டீச்சர் பேனாவை மூடி வெச்சாங்க.

"யாரு சார் படிச்சுக் காட்டுவா?"