அரண்மனை ஜாடியின் தும்பிக்கை

“அம்மா, நான் ஆசிரமத்தை விட்டுக் கிளம்புறேன்” என்றார் தணிகாசலம்.

சுந்தரவல்லி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குருவுக்கு நாற்பத்தைந்து வயது. சீடருக்கு அறுபத்து நான்கு.

“சாப்பிட்டுப் போறீங்களா, சாப்பிடாமயா?”

“விளையாட்டு இல்லம்மா. ஜாடி உடைஞ்சுபோச்சு.”

கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு பீங்கான் தும்பிக்கை.

அந்த ஜாடியைப் பாகூர் பக்கத்தில் அறியாதவர்கள் இல்லை. பிரான்ஸ் தேசத்து ராஜா அரண்மனைக்காக இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் செய்தது. பச்சை உடம்பு, தங்கப் பூச்சு, நடுவில் இறக்கை முளைத்த குழந்தைகள். இரண்டு பக்கமும் யானைத் தலை. மெழுகுவத்தி செருகுவதற்காகத் தும்பிக்கைகள் மேலே தூக்கியிருந்தன. செய்தவன் யானையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். காதைப் பார்த்தால் மாடு.

பிரெஞ்சு வழக்கில் ‘முசியே’ என்று எல்லாரும் மரியாதையாக அழைக்கும் புதுச்சேரி அமலோர், தன் வீட்டிலிருந்த அதை ஆசிரமத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அன்றிலிருந்து அதற்குக் காவல் தணிகாசலம். அரசுக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காவல் காப்பது கைவந்த கலை.

காற்று அடித்தால் ஆடும் என்று கூடத்து ஜன்னல்களைச் சாத்தினார். மேளம் அதிரும் என்று பஜனையை மாமரத்தடிக்கு அனுப்பினார். தூசி தட்ட வேறு யாரையும் விட்டதில்லை. தியானத்தில் கண்ணை மூடினால் ஜாடிதான் தெரிந்தது. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“இன்னைக்குக் காலையில தூசி தட்டினேன். துணியில மாட்டிக்கிட்டு வந்துடுச்சு. இன்னைக்குன்னு பார்த்து அமலோர் முசியே வர்றார். எந்த முகத்தோட நிக்கிறது?”

“இருக்கிற முகத்தோடதான். போய் நீங்களே சொல்லுங்க.”

“நானா?”

“பின்னே, யானையா சொல்லும்?”

வாசலில் கார் வந்து நின்றது.

அமலோர் கைத்தடி ஊன்றி இறங்கினார். எண்பது வயது, வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி. கூடத்துக்குள் வந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன தணிகாசலம், இட்லிப் பானைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு!”

தணிகாசலம் கைக்குட்டையை நீட்டினார்.

அமலோர் தும்பிக்கையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உடைந்த முனையைக் கண்ணருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

“மன்னிக்கணும் முசியே. என் கவனக்குறைவு. நான் இன்னைக்கே...”

“இரும், இரும். இந்தப் பழுப்பு தெரியுதா? தச்சனுங்க போடுற வஜ்ரப் பசை. எங்க அப்பா ஒட்டினது.”

“உங்க அப்பாவா?”

“எனக்கு அப்போ ஒன்பது வயசு. பந்து அடிச்சு உடைச்சேன். வெளியில சொன்னா தோலை உரிச்சிடுவேன்னார். வந்தவன் போனவன் எல்லாம் ராஜா வீட்டு ஜாடின்னு கும்பிடுவான். நான் ஒட்டை மறைச்சுக்கிட்டு முன்னால நிப்பேன். பேரப்பசங்களை அந்த அறைப் பக்கமே விட்டதில்லை. தாங்க முடியாமத்தான் ஐயா, உங்க தலையில கட்டினேன்.”

தணிகாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அமலோர் மறுபடி முனையைப் பார்த்தார்.

“பழுப்பு எங்க அப்பாவோடது. சரி. அதுக்கு மேல வெள்ளையா ஒண்ணு ஒட்டியிருக்கே, அது யாரோடது?”

“சத்தியமா நான் இல்லை” என்றார் தணிகாசலம்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். கையில் கீரைக்கட்டு.

“நான்தான். நீங்க கொடுத்துட்டுப் போன அன்னைக்கே தும்பிக்கை என் கையோட வந்துடுச்சு, ஒட்டி வெச்சேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?” என்றார் அமலோர்.

“படி இறங்கும்போது உங்க முகத்தைப் பார்த்தேன் முசியே. அப்படி ஒரு நிம்மதி. அதைக் கெடுப்பானேன்?”

அமலோர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. தணிகாசலத்துக்கு முதலில் கோபம் வந்தது. கோபப்பட வாயைத் திறந்தார். அவருக்கும் சிரிப்புதான் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அமலோர் கேட்டார்:

“உடைஞ்சதுதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. இனிமே பயமில்லாம வீட்டுல வெச்சுக்கலாம். நான் இதைத் திருப்பி எடுத்துக்கிட்டா...”

“எடுத்துக்குங்க முசியே” என்றார் தணிகாசலம், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

“கார் வரைக்கும் யார் தூக்கறது?”

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அம்மா கீரையைத் தணிகாசலத்தின் மடியில் போட்டார். ஜாடியைத் தூக்கித் தண்ணீர்க் குடம்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு, விடுவிடுவென்று படி இறங்கினார்.

தணிகாசலம் பின்னால் ஓடவில்லை. கீரையை ஆயத் தொடங்கினார்.