ஒற்றைக் கையெழுத்து

பஸ் டிரைவர் மரியசூசை ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அவர் புதுசு. பேச்சுவார்த்தை நடத்தக் கற்றுக்கொடுத்தவர் கண்டக்டர் செண்பகவல்லி. வயதில் மகள் மாதிரி, ஆனால் அந்த மேஜையில் அவர்தான் வாத்தியார்.

பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகையை நிர்வாகம் இரட்டிப்பாக்கப் பார்த்தது. இருபது வருஷம் சர்வீஸ் தாண்டியவர்களுக்கு மட்டும் பழைய பிடித்தமே என்று ஆசை காட்டியது.

மரியசூசைக்கு ஆசை வந்தேவிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது? கடைசி மகளுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்.

உள்ளே நுழையுமுன் வராந்தாவிலேயே கேட்டார்.

"தோழர், சின்னப் பசங்களுக்காக நான் ஏன் என் சோத்துல மண்ணைப் போட்டுக்கணும்?"

குழுவினர் எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. அதிகாரி சிரித்த முகமாக ஒப்பந்தத் தாளை நீட்டினார்.

"மரியசூசை சார், உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. சீனியர்கள் சார்பா நீங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டாலே போதும்."

செண்பகவல்லி எழுந்தார்.

"அப்ப எங்களுக்கு இங்க என்ன வேலை? அண்ணன் பேசட்டும்."

குழுவில் மற்ற யாருக்கும் இருபது வருஷம் ஆகவில்லை. எல்லோரும் அவர் பின்னாலேயே வெளியேறினார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை அதிகாரிகள். இந்தப் பக்கம் மரியசூசை மட்டும்.

அதிகாரி தாளைத் திரும்ப இழுத்து ஒரு வரி சேர்த்தார். பழைய பிடித்தம் இந்த வருஷத்துக்கு மட்டும்.

"முதல்ல அப்படிச் சொல்லலையே சார்?"

"இப்ப சொல்றேன்ல. போடுய்யா, நேரமாச்சு."

டீ ஆறுவதற்குள் 'சார்' போய் 'யா' வந்துவிட்டது. காலமெல்லாம் ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷன் அவர். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"போட மாட்டேன்."

"அப்ப உனக்கும் சேர்த்துத்தான் பிடிப்போம்."

"பிடிச்சுப் பாருங்க."

நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். வராந்தா பெஞ்சில் செண்பகவல்லியும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். மரியசூசை நேரே செண்பகவல்லியிடம் போனார்.

"அத்தனை பேர் முன்னால இப்படித் தனியா விட்டுட்டு வரலாமா தோழர்?"

"நீங்க கேட்டது அதைத்தானே அண்ணே?"

மரியசூசை திரும்பிப் போய், கதவைத் தட்டாமலே தள்ளித் திறந்து, குழுவில் கடைசி ஆள் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.