வட்டமாக ஒன்று

திருநெல்வேலியில் ஆட்டோ ஓட்டும் வெயிலுகந்தாளுக்குப் பார்வையின் இரு ஓரமும் இருண்டுகொண்டே வந்தது. பக்கத்தில் வரும் வண்டி இடிக்கிற தூரத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில், கண் நரம்பை அழுத்திக்கொண்டு ஏதோ இருந்தது. மூளை அறுவை சிகிச்சை பயிலும் டாக்டர் அமலதாசன் அந்த இடத்தில் வரும் கட்டிகளைப் பற்றி வரி விடாமல் படித்திருந்தார். மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம் என்று வெயிலுகந்தாளுக்குத் தைரியம் சொன்னார்.

அவருடைய ஆசிரியை டாக்டர் பூங்கோதை, அவரைவிட வயதில் சிறியவர். படத்தைக் காட்டிக் கேட்டார்.

"என்ன தெரிகிறது?"

"கட்டி, மேடம்."

"என்ன தெரிகிறது?"

"பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி, மேடம்."

"பெயர் வேண்டாம். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்."

அமலதாசன் படத்தை மறுபடி பார்த்தார். "வட்டமாக ஒன்று."

"எனக்கும் அவ்வளவுதான் தெரிகிறது," என்றார் பூங்கோதை.

அறுவையைத் தள்ளிவைத்து, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றிப் படமெடுக்கச் சொன்னார். அமலதாசன் திரைமுன் நின்றார். மருந்து கழுத்து வழியாக ஏறித் தலைக்குள் போனது. வட்டம் மெல்ல நிறைந்தது. அது கட்டியே அல்ல. ரத்தக்குழாயின் சுவர் நைந்து பலூன்போல உப்பியிருந்தது. அதற்குள் ரத்தம் சுழன்றுகொண்டிருந்தது. கத்தி பட்டிருந்தால் மேசையிலேயே உயிர் போயிருக்கும்.

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்பலுக்குள் கம்பிச் சுருளை நிரப்பி அடைத்தார்கள். சில மாதங்களில் பார்வையின் ஓரங்கள் தெளிந்தன. வண்டி ஓட்டலாம் என்று கண் டாக்டர் சொன்ன அன்றே வெயிலுகந்தாள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இரண்டு டாக்டர்களையும் ஒரு சுற்று ஏற்றிப் போகாமல் நகரமாட்டேன் என்றாள்.

வண்ணார்பேட்டை நெரிசலில் புகுந்து போனாள். ஓரத்தில் தெரிவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்: இந்தப் பக்கம் பூக்காரி, அந்தப் பக்கம் எருமை, இதோ குடையோடு ஒரு பெரியவர். பின்னால் இருவரும் சிரித்துச் சிரித்துக் களைத்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் அமலதாசன் கேட்டார்.

"அது கட்டி இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது, மேடம்?"

"எனக்குத் தெரியவில்லையே," என்றார் பூங்கோதை. "கட்டி என்று உங்களுக்குத்தான் தெரிந்திருந்தது."