சென்னியப்பன் காருக்கு ஒரு ஸ்பேசர்

கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு மெக்கானிக் வேலை பார்க்கும் ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்துமூன்று. அவரிடம் கார் வித்தை பழகும் சிஷ்யர் சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கிரைண்டர் கடை முதலாளி. குரு சிஷ்யரை ‘அண்ணா’ என்பார். சிஷ்யர் குருவை ‘மாஸ்டர்’ என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டுமே, அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

போன இரண்டு மண்பாதைக் கார் பந்தயத்திலும் சென்னியப்பன் பாதியிலேயே நின்றுவிட்டார். ஆசையாக வாங்கிப் போட்ட அகலச் சக்கரம், வளைவில் உள்பக்கம் ஷாக் அப்சர்பரில் உரசி டயர் கிழிந்துபோனது. மனைவி வசந்தாமணி கறாராகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்திலும் பாதியில் நின்றால், திங்கட்கிழமை காரை விற்றுவிட வேண்டும். சென்னியப்பனும் தலையாட்டிவிட்டார். பாவம், வேறென்ன செய்வார்?

நேராகக் குருவிடம் வந்தார்.

“மாஸ்டர், சக்கரத்துக்கும் அதை மாட்டற ஹப்புக்கும் நடுவால நல்ல தடிமனா ஒரு ஸ்பேசர் வளையம் வெச்சு, சக்கரத்தை வெளிய தள்ளிடலாமுங்களா?”

“எவ்வளவு வெளியங்ணா?”

“எவ்வளவு முடியுமோ அவ்வளவு. உள்ள உரசாது. காரும் காலை அகட்டி நிக்கும். பார்க்கவும் கெத்தா இருக்கும்.”

“கெத்துதான் முதல்ல, இல்லீங்களா?”

“அதுவும்தானுங்க.”

ஜெசிந்தா மூலையில் இருந்த தண்ணீர் கேனைக் காட்டினார்.

“அதைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்குங்க.”

அணைத்துக்கொண்டார்.

“இப்ப கையை நீட்டிப் பிடிங்க.”

நீட்டினார். அவ்வளவுதான், கேன் நழுவித் தரையில் விழுந்து பேண்ட்டெல்லாம் நனைந்துவிட்டது.

“அட! அதே கேன்தானுங்களே மாஸ்டர், நீட்டினதும் இந்தக் கனம் கனக்குது?”

“சக்கரத்தையும் இப்படி வெளிய நீட்டினா எப்படி இருக்கும்னு, அதைத் தாங்கற பேரிங்கை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.”

சிஷ்யர் உடனே மறுகோடிக்குத் தாவினார்.

“அப்ப ஸ்பேசரே வேண்டாமுங்க.”

“உள்ள உரசுமே.”

“வெச்சாலும் ஆகாது, வெக்காட்டியும் ஆகாதுன்னா நான் எங்கீங்க போறது?” என்று காரைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கார் மேல் அவருக்கு அப்படி ஒரு உயிர்.

ஜெசிந்தா காருக்கு அடியில் படுத்தார். சிஷ்யரிடம் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லி, இடுக்குகளில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, இருந்ததிலேயே மெல்லிசான ஸ்பேசரை எடுத்தார். பிஸ்கட் கனம்கூட இல்லை. நட்டு நன்றாகப் பிடிக்கவேண்டும் என்று போல்ட்டுகளையும் கொஞ்சம் நீளமானதாக மாற்றினார்.

“இவ்வளவுதானுங்களா?” என்றார் சிஷ்யர்.

“ஓட்டிட்டு வந்து கேளுங்ணா.”

ஞாயிற்றுக்கிழமை புழுதி பறந்தது. முன்னால் போனவன் விவேக் என்கிற இளவட்டம். தடிமனான ஸ்பேசர் போட்ட அவன் கார்ச் சக்கரங்கள் காரின் உடம்பை விட்டு வெளியே பிதுங்கி நின்றன. ஜனம் அவனைத்தான் போட்டோ எடுத்தது. பெரிய பள்ளத்தில் கார் குதித்து அமுங்கியதும் மட்கார்டு அவன் டயரைக் கடித்தது. புகை. ஓரம் கட்டிவிட்டான்.

சென்னியப்பன் அதே பள்ளத்தில் குதித்தார். உரசவில்லை. கடைசி வளைவு, போன தடவை டயர் கிழிந்த அதே மாதிரி வளைவு. ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார். உரசவே இல்லை! கிரைண்டர் கடை முதலாளி முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினார். விசில் காதைப் பிளந்தது. மனுஷன் காரின் மேலே ஏறி நின்று ஆடினார். கீழே குருவும் ஆடினார், சத்தியமாக.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வசந்தாமணி வந்தார்.

“ஏனுங்க, கீழ இறங்குங்க.”

இறங்கினார். “திங்கட்கிழமை…” என்று இழுத்தார்.

“திங்கட்கிழமை மருதமலைக்குப் போலாம். இதுலயே.”

சொல்லிவிட்டு, அதுவரை ஒருநாளும் ஏறாத அந்தக் காரின் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. குருவின் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்:

“மாஸ்டர், பந்தயத்துக்குன்னு அமைச்ச காராச்சே. ரெண்டு பேர் ஏறினா கீழ அமுங்குமே, மட்கார்டு டயரைக் கடிக்காதுங்களா?”

“உங்க ஒருத்தருக்கு மட்டுமா அளந்தேன்?” என்றார் ஜெசிந்தா. “ஏறுங்ணா.”