ஒஸ்லோவில் மிஞ்சிய ஒரு இருக்கை

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ. ஒஸ்லோவிலிருந்து சூரிச்சுக்கு ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் சொச்சம். நேரே பறந்தால் இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடம். ஒரு படம் பார்த்து முடிக்கிற நேரம்தான். ஆனால் ஒஸ்லோவில் இருக்கும் வதனி, தாய் சூரிச்சில் இருந்தும், ஒன்பது வருசமாக அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை.

சூரிச்சில் தகப்பன் செத்தபோது ஒஸ்லோவில் கொட்டோகொட்டென்று பனி. முதல் நாளே விமானம் ஏறிய அண்ணன் குகதாசன் போய்ச் சேர்ந்துவிட்டான். மறுநாள் புறப்பட்ட வதனி, விமானங்கள் நின்றுபோனதால் விமானநிலையத்திலேயே குந்தியிருந்தாள். தகனத்துக்குக் குறித்த நேரத்தைச் சூரிச்சில் மாற்றமாட்டார்கள். தாய் மகேஸ்வரி எதையும் நம்பவில்லை.

“அண்ணனுக்கு இல்லாத பனி இவளுக்கு எங்கயிருந்து வந்தது? அப்பான்ர செத்தவீட்டுக்கு வராதவள் என்ர செத்தவீட்டுக்கும் வரப்படாது!”

அதோடு பேச்சு அறுந்தது. குகதாசன் மட்டும் ஞாயிறு தவறாமல் தாயோடு கதைப்பான். “நீங்க கூப்பிட்ட உடன வந்து நிப்பன் அம்மா” என்று வாக்கும் கொடுத்திருந்தான்.

ஒரு காலை சூரிச்சிலிருந்து அக்கா சுகிர்தா போன் எடுத்தாள். “அம்மாவுக்கு ஏலாது. பின்னேரம் மட்டும் தாங்காதாம். குகன் வந்திட்டானோ எண்டுதான் கேட்டுக்கொண்டிருக்கிறா.”

அண்ணனும் தங்கையும் விமானநிலையத்துக்கு ஓடினார்கள். நேரே போகும் விமானத்தில் ஒரே ஒரு இருக்கை. அடுத்தது கோபன்ஹேகன் சுற்றி, நாலு மணிக்குத்தான் போய்ச் சேரும்.

குகதாசன் அந்த இருக்கையை வதனியின் பெயரில் எடுத்தான். பிறகு, “நீ போ பிள்ளை” என்றான்.

“உன்னையெல்லோ அண்ணா கேக்கிறா.”

“போ எண்டால் போ!”

வதனிக்கு உள்ளே ஒன்றுமே தோன்றவில்லை. மரத்துப்போய் ஏறி இருந்தாள். திரையில் மிச்சத் தூரம் ஓடியது: தொள்ளாயிரம், அறுநூறு, இருநூற்றுப் பத்து. எல்லாம் வெறும் இலக்கமாகத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் தாய் கண் திறந்து அவளை நெடுநேரம் பார்த்தார். “குகன் வந்திட்டானோ?”

“ஓம் அம்மா. காரை நிப்பாட்டப் போயிருக்கிறான்.”

கட்டிலின் மற்றப்பக்கம் நின்ற சுகிர்தா இதைக் கேட்டும் வாயே திறக்கவில்லை.

தாயின் முகம் தெளிந்தது. “நீ சாப்பிட்டியோ?” என்று வதனியைக் கேட்டார். ஒன்றரைக்கு மூச்சு அடங்கிவிட்டது.

இப்போது சொல்லுங்கோ. கொடுத்த வாக்கை விட்டு இருக்கையைக் கொடுத்தான் அண்ணன். சாகிறவருக்குப் பொய் சொன்னாள் தங்கை. அதைக் கேட்டுப் பேசாமல் நின்றாள் அக்கா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: குகதாசன் செய்ததுதான் சரி. கிரியை செய்யவேண்டிய மகன் அவன், செத்தவீட்டுக்கு எப்படியும் போகலாம். வதனிக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது. தாய் உயிரோடிருக்கும் நேரம் மட்டுமே அவளுக்கு மிச்சம், அதற்குள் போய்ச் சேரக்கூடியது அந்த ஒரு விமானம்தான். பொய்யும் மௌனமும் அவன் விட்ட இடத்தை நிரப்ப வந்தவை, அவற்றைப் பெரிதாகக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நாலு மணிக்கு வந்து இறங்கிய குகதாசன், தாய் கடைசிவரை தன்னையே கேட்டதை அறிந்து, ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்தி ஓவென்று அழுதான். நீ செய்தது சரி என்று அவனுக்கு யார் போய்ச் சொல்வது? எனக்கு அந்தத் தைரியம் இல்லை.