சாரலில் வைத்த வேஃபர்

“வீட்டுல சண்டையே இல்ல, தாயி. சத்தம்கூட இல்ல. அதுதான் பயமா இருக்கு” என்றாள் தங்கபுஷ்பம்.

குற்றாலத்து மடத்தில் விடாமல் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. துறவியம்மா அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் தங்கபுஷ்பத்துக்கு அவர் தாயிதான்.

“கம்பெனி எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, ஓகோன்னு இருக்கு. அடுப்பங்கரையில வேஃபர் சுடுற ஒத்த இரும்பு அச்சை வெச்சு அவுகளும் நானும் ஆரம்பிச்சது. இன்னைக்கு நானூறு பேர் வேலை பாக்காங்க. ரெண்டு ஃபேக்டரி.”

“ரெண்டா?”

“வேஃபர் பெரியவன் பொன்ராஜுக்கு. சாக்லேட் சின்னவன் தினகருக்கு. அவுக தவறின மறுமாசமே நான்தான் பிரிச்சுக் கொடுத்தேன். ஒரே கூரைக்குள்ள இருந்தா முட்டிக்கிடுவாங்களேன்னு.”

துறவியம்மா அவள் மடியில் இருந்த வேஃபர் டப்பாவையும் சாக்லேட் டப்பாவையும் கவனித்தார்.

“நேத்து அவங்க அப்பாவுக்குத் திதி. பெரியவன் காலையிலேயே கும்பிட்டுட்டுப் போயிட்டான். அவன் கார் தெருமுக்கு திரும்பின பெறகுதான் சின்னவன் உள்ள வந்தான். ரெண்டு தடவை இலை போட்டேன், தாயி. நான் கண்ணை மூடுறதுக்குள்ள ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு வாய் சாப்பிடணும். இதுக்காக நான் போகாத கோயில் இல்ல.”

“கோயிலுக்கும் இப்படி ரெண்டு டப்பா தனித்தனியாத்தான் கொண்டுபோனீங்களா?”

தங்கபுஷ்பம் தன் மடியில் இருந்த டப்பாக்களைப் பார்த்தாள்.

துறவியம்மா ஒன்றைத் திறந்து, ஒரு வேஃபரை எடுத்துத் தட்டில் போட்டு, சாரல் காற்று படும் வாசற்படியில் வைத்தார்.

“முன்னெல்லாம் சாக்லேட்டுல முக்கின வேஃபர் ஒண்ணு கொண்டுவருவீங்களே?”

“அதுலதான் எங்க பேரே வெளங்குச்சு. இப்பப் போடுறதில்ல. இவன் சரக்கை அவன் தொட மாட்டான்.”

“அதை எதுக்கு முக்கினீங்க? ருசிக்கா?”

“ருசி பெறகு. நம்ம ஊர் ஈரக்காத்துக்கு வெறும் வேஃபர் நிக்காது, தாயி. மேல சாக்லேட் மூடியிருந்தாத்தான் நமத்துப்போகாது. சாக்லேட்டு மட்டும் என்ன, உள்ள வேஃபர் இருந்தாத்தான் கையில எடுத்ததும் வளையாம நிக்கும். இதை அவுகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்…”

அவள் கண் வாசற்படியில் தனியாகக் கிடந்த வேஃபர்மேல் நின்றது.

சாரல் வலுத்து, வெகுநேரம் கழித்து ஓய்ந்தது.

“இனி நான் என்ன செய்ய, தாயி?”

துறவியம்மா வாசற்படியில் இருந்த தட்டை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார்.

“சாப்பிடுங்க.”

தங்கபுஷ்பம் கடித்தாள்.

சத்தமே வரவில்லை.