சன்னலோரம் நின்ற இருளாண்டியார்

நின்ற திருக்கோலத்தில் ஓதமுடையார் எழுந்தருளியிருக்கும் தோணித்துறையில், விலை பேசாமல் எதுவும் கை மாறாது. சாமிக்கு நேர்ந்த தேங்காயைக்கூட நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்குவார்கள். அந்த ஊரில் பேரம் பேசவே தெரியாத ஒருவர் இருந்தார். அவர்தான் கரி சுட்டு விற்ற இருளாண்டியார்.

கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரியாக்குவது அவர் தொழில். விடிந்ததும் கோயில் வாசலில் நின்று, "ஓதமுடையாரே, இன்னைக்கும் நீங்கதான்" என்று கும்பிட்டுவிட்டுக் கூடையைத் தூக்குவார். தட்டாருக்கும் சமையல்காரருக்கும் விலைக்குக் கொடுப்பவர், பிள்ளை பிறந்த வீடென்றால் தாயும் சேயும் குளிர் காயும் கணப்புச் சட்டிக்குக் கரியைச் சும்மாவே கொட்டிவிட்டு வருவார். "பிறந்தது சாமி வீட்டுப் பிள்ளை. முதலாளி வீட்டுல போய்க் காசு கேக்கலாமா?" என்பார். இப்படி வியாபாரம் செய்தால் விளங்குமா? விளங்கவில்லை. அவர் வீட்டு அடுப்பில் பாதி நாள் பூனைதான் தூங்கியது.

அவர் மனைவி வெள்ளையம்மைக்கு மார்கழிக் குளிரில் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்பது ஊர் வழக்கம். சன்னலைச் சாக்கால் அடைத்தார்கள். கதவிடுக்கில் துணி திணித்தார்கள். இருளாண்டியார் நல்ல கரியாகப் பொறுக்கிச் சட்டி நிறையக் கணப்பு வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தாயும் பிள்ளையும் உறங்குவதுபோலக் கிடந்தார்கள். எழுப்பினார். எழவில்லை.

காற்றுக் கருப்பு அடித்தது என்றது ஊர். மூட்டத்துக்குள் தலையை விட்டவர்கள் மயங்கி விழுவதைப் பார்த்திருந்த அவருக்கு மட்டும், அடைத்த அறையில் கரி நெருப்பின் நச்சுக்காற்றுதான் கொன்றது என்ற உண்மை விளங்கிவிட்டது. கோயில் வாசலில் நின்று, "நான் வச்ச நெருப்பு, சாமி" என்றார். அதற்கு மேல் அழவும் இல்லை, சாமியைக் கோபிக்கவும் இல்லை. மறுநாள் விடியலிலும் அதே வாசலில் நின்றார்.

அன்று முதல் பேறு நடந்த வீடுகளுக்குக் கரியோடு ஒரு வேண்டுதலையும் சுமந்து போனார். "சன்னலைத் திறந்து வைங்க தாயி." யார் கேட்டார்கள்? "பெண்டாட்டி பிள்ளையை முழுங்கினவன் புத்தி சொல்ல வந்துட்டான். கரியைக் கொட்டு, வார்த்தையைக் கொட்டாதே!" என்றார்கள். சில வீடுகள் அவர் கரியே வேண்டாம் என்றன. தோணித்துறையார் இனாமை வேண்டாமென்று சொன்னது அதுவே முதல் தடவை.

ஐப்பசி அடைமழையில், பாக்கு மண்டி வைரவன் வீட்டில் எட்டாம் மாதமே ஒரு பெண் பிள்ளை பிறந்துவிட்டது. உள்ளங்கை அகலப் பிள்ளை. வைரவனின் அக்காள் சிகப்பி ஆச்சி, அறையை இண்டு இடுக்கு விடாமல் அடைத்து, இரண்டு கணப்பு வைத்தார். செய்தி கேட்டு நனைந்தபடி ஓடி வந்த இருளாண்டியாரை வாசலிலேயே மறித்தார்.

"நல்லது நடந்த வீட்டுல உன் காலை வைக்காதே. போ!"

"என்னைச் செருப்பால அடிங்க ஆச்சி. சன்னலை மட்டும் திறந்துடுங்க. பிள்ளை அழுவுதா?"

"சமர்த்தாத் தூங்குது. ஆத்தாளும் அசந்து தூங்குறா. உனக்கென்ன?"

இருளாண்டியார் தம் வாழ்நாளில் யாரையும் இடித்துத் தள்ளியதில்லை. அன்று தள்ளினார். உள்ளே ஓடி, சன்னல் சாக்கைப் பிய்த்தெறிந்தார். கனன்ற சட்டிகளை வெறுங்கையால் தூக்கி மழையில் வீசினார். தாய் உமையாள் கண்ணைத் திறந்து வாந்தியெடுத்தாள். பிள்ளை ஒரு மூச்சு இழுத்தது. ஆனால் மழைக்காற்றில் உடம்பு சில்லிட ஆரம்பித்தது.

"பாவி! இனிக் குளிர்லயே போயிடுமேடா!" என்று ஆச்சி தலையில் அடித்துக்கொண்டார். வைரவன் இருளாண்டியாரின் கழுத்தைப் பிடித்தான்.

"ஐயா, பிள்ளையை உங்க வெறும் நெஞ்சோட அணைச்சு, மேல போர்த்திக் கட்டுங்க. ஆத்தா தெளிஞ்சதும் அவங்க நெஞ்சுல போடலாம்."

"தீட்டு கழியாம ஆம்பளை பிள்ளையைத் தொடுறதா?" என்றார் ஆச்சி.

"நானும் அப்படித்தான் இருந்தேன் ஆச்சி. என் பிள்ளையை உயிரோட நான் தொடவே இல்ல."

வைரவனின் கை தளர்ந்தது. அக்காளைப் பார்க்காமல் பிள்ளையை எடுத்து, துண்டால் தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டான்.

திறந்த சன்னல் வழியே சாரல் படுக்கையை நனைத்தது. மூடினால் மறுபடியும் அடைப்பார்கள் என்று பயந்த இருளாண்டியார் வெளியே போய், ஓர் ஓலைத் தட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி சன்னலோரம் நின்றார். காற்று உள்ளே போயிற்று, தண்ணீர் போகவில்லை. வெந்த கைகளை மாற்றி மாற்றிப் பிடித்தார். ஊரைப் பிய்த்தெறியும் கடற்காற்று. அவரோ பட்டினி உடம்பு. "ஓதமுடையாரே, என் பிள்ளைக்குக் கேக்க எனக்கு நேரம் வாய்க்கல. இதுக்குக் கேக்குறேன்" என்று முணுமுணுத்தார். மழை ஓயவில்லை. தட்டியும் சாயவில்லை.

பொழுது சாயும் வேளையில், தகப்பன் நெஞ்சின் சூட்டில் கிடந்த பிள்ளை வீறிட்டு அழுதது. ஆச்சி கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே ஓடினார். இருளாண்டியார் சுவரில் சாய்ந்து சரிந்து கிடந்தார்.

"நம்ம பிள்ளையா அழுவுது?"

"ஆமாப்பா. நம்ம பிள்ளைதான்."

"அழட்டும் ஆச்சி. நல்லா அழட்டும்" என்றார். மூடிய கண்களை அவர் மறுபடி திறக்கவில்லை.

அறைக்குள்ளிருந்து உமையாள் ஈனக்குரலில் கேட்டாள். "இன்னொருத்தர் எங்கே?"

"யாரும்மா?"

"தட்டியோட அந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே. பெரியவர் அவர் தோள்லதானே சாஞ்சுக்கிட்டிருந்தாரு."

அதே நேரத்தில் கோயிலில் மாலை நடை திறந்த அர்ச்சகர் திகைத்து நின்றார். கூரை ஒழுகவில்லை, ஓதமுடையார் உடுத்திருந்த பட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வலத் திருத்தோளில், களைத்த ஒருவன் சாய்ந்தால் கன்னம் பதியும் இடத்தில், கரி படிந்திருந்தது. துடைக்கத் துணியெடுத்த வேளையில் பாக்கு மண்டி வீட்டிலிருந்து செய்தி வந்தது. அர்ச்சகர் துணியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டார்.

தம் பிள்ளையைக் காக்க முடியாத துயரத்தோடு ஊரார் பிள்ளைகளுக்காக நின்றவர். கடைசியில் தனியாக நிற்காதவர். அந்த இருளாண்டியாரின் வெந்த கைகளுக்கு நம் வணக்கம் உரியதாகுக.